திராட்சை எண்ணெய்ப் பழி

“எனக்கு நாயமெல்லாம் வேணாங்க மேடம். அந்தாளு நாலு பேரு முன்னால மூஞ்சி செத்து நிக்கணும். அத நான் நின்னு பாக்கணும். அவ்வளவுதான்.”

இதைச் சொன்னபோது காவியா அழவில்லை. கனிமொழிக்கு அது பிடித்திருந்தது. அழுகிறவர்கள் கண்ணீரோடு பாதி உண்மையையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். இவள் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. காரிமங்கலம் சந்தைத் தெருவில், உடைந்து கிடந்த தன் பியூட்டி பார்லரின் நடுவில், கிழிந்த நாற்காலியின் கைப்பிடியை அது யாருடைய கழுத்தோ என்பது போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கனிமொழியின் துப்பறியும் அலுவலகம். அப்பா கிரானைட் குவாரியில் கல் உடைத்தவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் என்று ஒரு காகிதம் வந்தது என்றால் அது இவளுடைய பி.எஸ்சி. வேதியியல். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் பாடத்தில் கேள்வி கேட்காமல் “உங்கப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார்கள். இனி கேள்விகளை நானே கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவெடுத்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். உதவியாளன் குரு, அதற்கு முன் வீடு வீடாகப் போய் குக்கர் விற்றவன். குக்கர் வாங்காத வீடுகளில்கூட அவன் வாய்க்காக டீ கொடுத்தார்கள்.

“மேடம், இங்க வாங்க.” குரு சுவரில் தொங்கிய விரிசல் கண்ணாடியின் முன் நின்றிருந்தான். “ஒரே கண்ணாடில இருவது மூஞ்சி தெரியுது. இருவதும் நல்லாத்தான் இருக்குது.”

“அதுல ஒண்ணாவது வாய மூடிக்கிட்டு இருக்குதா பாரு.” கனிமொழி காவியாவிடம் திரும்பினாள். “மொதல்ல இருந்து சொல்லு. அழகுபடுத்தாம சொல்லு.”

காவியா சொன்னாள். இந்தக் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் மாதவராஜ். மாந்தோப்பு, அரிசி மில், ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலி. அவர் மகள் நிர்மலாதேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகத்துக்கு ஃபேஷியல் செய்ய இங்கே வந்தாள். காவியா திராட்சை விதை எண்ணெய் ஊற்றி மசாஜ் செய்தாள். வீட்டில் தடவிக்கொள்ள அதே எண்ணெயில் ஒரு சின்ன பாட்டிலும் கொடுத்தனுப்பினாள். மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்க, மாதவராஜ் ஓட்டிய காரில் ஒகேனக்கல் போனார்கள். அதற்கப்புறம் பெண்ணின் முகம் கொப்பளித்துக் கறுத்துவிட்டது. கல்யாணம் தள்ளிப்போனது. மாதவராஜ் ஆட்களோடு வந்து கடையை நொறுக்கினார்.

“இன்னைக்கு சாயங்காலம் பொம்மிடியில இருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றாங்களாம். அவங்க முன்னால அவரு கால்ல வுழுந்து, ‘என் எண்ணெயாலதான் இப்படி ஆச்சு’ன்னு நான் சொல்லணுமாம். சொன்னா போலீசுக்குப் போகமாட்டாராம். கடைய மட்டும் காலி பண்ணிட்டுப் போயிரணுமாம். எங்க தெருவுல இருந்து சந்தைத் தெருவுக்கு வந்து கடை போட்ட மொத ஆளு நாந்தானுங்க. போர்டு மாட்டுன அன்னைக்கே சில பேருக்கு வயிறு எரிஞ்சுது.”

“அவரும் உள்ள வந்து ஒடைச்சாரா?”

காவியா சிரித்தாள். சிரிப்பா அது? “அவரா? என் கடைக்குள்ள காலு வெக்கிறதா? கட்டிடம் அவருது, ஆனா நான் குடி வந்ததுல இருந்து வாசப்படிய மிதிச்சதில்ல. சாவி குடுக்கறப்பகூட ரோட்டுல நின்னு தூக்கித்தான் போட்டாரு. அன்னைக்கும் கார்லயே உக்காந்துக்கிட்டு ‘ஒடைங்கடா’ன்னாரு. ஒடைச்சதெல்லாம் மில்லு ஆளுங்க.”

கனிமொழியின் பற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. இந்த மாதிரி மனிதர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். கையில் அழுக்கு படாமல் பார்த்துக்கொள்வார்கள். அழுக்குக்கு ஆள் வைத்திருப்பார்கள்.

“சரி. இப்ப ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. உன் எண்ணெய் கலப்படம்னு தெரிஞ்சா, அவரு கேஸ் குடுக்கறதுக்கு முந்தி நான் குடுப்பேன்.”

“குடுங்க” என்றாள் காவியா, கண் இமைக்காமல். உள்ளே போய் ஒரு எண்ணெய்க் கேனைத் தூக்கி வந்து வைத்தாள். “ஓசூர் பக்கம் திராட்சை ஜூஸ் புழியற எடத்துல மிஞ்சற கொட்டைய காயவெச்சு ஆட்டுறாங்க. அங்க இருந்து வாங்கறேன்.”

“திராட்ச கொட்டையில எண்ணெயா?” குரு குனிந்து பார்த்தான். “நான் இத்தன நாளா காசு குடுத்து வாங்கித் துப்பிட்டு இருந்திருக்கறேன்.”

இளம்பச்சை சேர்ந்த மஞ்சள் நிறம். கனிமொழி ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்தாள். தண்ணீர் போல லேசாகப் பரவி, தேய்த்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டது. வாசனை என்று சொல்ல எதுவும் இல்லை.

“அதுக்குத்தாங்க இத வாங்கறது” என்றாள் காவியா. “தேங்கா எண்ணெய் பிசுக்குனு நிக்கும். வெளக்கெண்ணெய் கம்பளி போத்துன மாதிரி. இது எண்ணெய் வழியற மூஞ்சிக்குக்கூடத் தாங்கும். வெளிச்சம் பட்டா காறிப்போயிரும்னு பழுப்பு பாட்டில்ல ஊத்திக் குடுப்பேன். வூட்டுல சமையலுக்கும் இதுதான்.”

“ரேஷன் பாமாயில்ல சாயம் கலந்து ஊத்தினாலும் பாக்க இப்படித்தான் இருக்கும்” என்றாள் கனிமொழி. “குரு, ஜூஸ் கடையில கொஞ்சம் ஐஸ் வாங்கிட்டு வா.”

ஐஸ் வந்தது. ஒரு டம்ளரில் கேன் எண்ணெய், இன்னொன்றில் பக்கத்து டீக்கடையின் ரேஷன் பாமாயில். இரண்டையும் ஐஸில் புதைத்து வைத்தார்கள். மூவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டுக்குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் போனார்கள். தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி உடைந்த போர்டைப் பார்த்து, பார்க்காதது போல் நடந்தாள். டம்ளரை எடுத்தபோது பாமாயில் பால் திரிந்தது போல் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. திராட்சை எண்ணெய் கண்ணாடியாக ஓடியது.

“குளுருக்குப் பாஸு. சூட்டுக்குப் பாக்கலாம். அடுப்பு இருக்குதா?” என்றாள் கனிமொழி.

பின்னறையில் கேஸ் அடுப்பு இருந்தது. வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகும் புகையவில்லை, கண் எரியவில்லை. காவியா ஒரு அப்பளத்தைப் போட்டாள். படக்கென்று விரிந்து பொன் நிறத்தில் மேலே வந்தது. அப்பள வாசனைதான் வந்தது, எண்ணெய் வாசனை வரவில்லை.

கறுக் என்று சத்தம். கனிமொழி திரும்பினாள். குருவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

“சாட்சியத்தைத் திங்கறயாடா?”

“குறுக்கு விசாரணை பண்றேங்க மேடம். சாட்சி நல்ல மொறுமொறுன்னு உண்மை பேசுது. இன்னொரு சாட்சிய கூப்புடலாங்களா?”

எண்ணெய் அசல்தான். கனிமொழி காவியாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. வழவழவென்று இருந்தன.

“உறை மாட்டாமத்தானே தேய்ச்ச?”

“ஆமாங்க. வெறுங்கைதான்.”

“தேய்ச்ச கை பூ மாதிரி இருக்குது, தேய்ச்ச மூஞ்சி பொசுங்கிப் போச்சு. உன் எண்ணெய் ஆள் பாத்துச் சுடற எண்ணெயா?” கனிமொழி கைகளை விட்டாள். “அந்தப் பொண்ணோட மூஞ்சிய நான் பாக்கணும்.”

“ஊரே பாத்தாச்சுங்க.” காவியா தன் போனை நீட்டினாள். “அவரே வியாபாரிங்க குரூப்புல போட்டுட்டாரு. ‘இந்தக் கடைக்குப் போனா உங்க வூட்டுப் பொண்ணுக்கும் இதே கதிதான்’னு எழுதி.”

பெற்ற மகளின் புண்ணான முகத்தை, கண்ணைக்கூட மறைக்காமல் ஊருக்குப் பந்தி வைத்திருந்தார். கனிமொழி படத்தைப் பெரிதாக்கினாள். நெற்றியும் கன்னங்களும் மூக்குத் தண்டும் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தன. ஆனால் வகிட்டிலிருந்து நெற்றியின் நடு வரைக்கும் மெல்லிய ஒரு வெளிர்க்கோடு இறங்கி வந்தது. கோடு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டம். அங்கே மட்டும் தோல் பழையபடி இருந்தது.

“இது என்னன்னு தெரியுதாடா?”

குரு எட்டிப் பார்த்தான். “பைபாஸ் மாதிரி இருக்குதுங்க. நேரா வந்து ஒரு ரவுண்டானா.”

காவியாவின் கை வாய்க்குப் போனது. “நெத்திச்சுட்டிங்க!”

“உன் கடையில மசாஜ் பண்ணும்போது நெத்திச்சுட்டி போட்டிருந்தாளா?”

“மசாஜுக்கு யாருங்க நகை போடுவாங்க? கம்மலக்கூடக் கழட்டச் சொல்லுவேன்.”

“அப்ப எங்க போட்டிருந்தா?”

“ஒகேனக்கல்ல. பரிசல்ல நின்னு படம் எடுத்தாங்களே, அதுல.”

“அவ்வளவுதான். நகை மறைச்ச எடம் தப்பிச்சிருக்குது. சுட்டது வெயிலு.” கனிமொழியின் குரல் தாழ்ந்தது, கோபம் கூடக் கூட அவள் குரல் தாழும். “ஆனா வெறும் வெயிலு ஒரு நாள்ல இப்படிப் பொசுக்காது. வெயிலோட கூட்டு வெச்சுக்கற எண்ணெய் ஒண்ணு இருக்குது. நீ குடுத்தனுப்பின பாட்டில்ல யாரோ அதைக் கலந்திருக்கறாங்க. அன்னைக்கு காலையில அவ அதைத் தடவிக்கிட்டு வெயில்ல போயிருக்கறா. காவியா, அவ மூஞ்சில வேற ஏதாவது பாத்தயா? ஃபேஷியல் பண்ணும்போது?”

காவியா ஒரு கணம் பேசவில்லை. பிறகு “இல்லீங்க” என்றாள்.

அந்த ஒரு கணத்தைக் கனிமொழி கவனித்தாள். எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள்.

“நமக்கு இப்ப ஒரு கை வேணும்” என்றாள். “அந்தச் சின்ன பாட்டில் வாய் எத்தன அகலம்?”

“சுண்டு விரல்கூடப் போகாதுங்க.”

“அதுக்குள்ள இன்னொரு எண்ணெய ஊத்தினா கையில வழியாம இருக்காது. வழிஞ்ச கையும் வெயில்ல போயிருந்தா, அதுலயும் இதே கறுப்பு இருக்கும். எண்ணெய சோப்பு போட்டுக் கழுவலாம், அந்தக் கறுப்பக் கழுவ முடியாது.”

“சந்தை நாளு. கண்ணுக்கு எட்டுன தூரத்துக்குக் கையாத்தான் இருக்குது” என்றான் குரு. “யாரு கைன்னு புடிச்சுப் பாக்கறதுங்க மேடம்?”

“பாட்டில் எந்த வூட்டுல இருந்துச்சோ அந்த வூட்டுக் கைய.” கனிமொழி செருப்பை மாட்டினாள். “காவியா, கிளம்பு. கால்ல வுழத்தானே கூப்பிட்டிருக்கறாங்க? போவோம்.”

மாதவராஜ் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். போர்ட்டிகோவில் நாற்காலிகள். ஒன்றில் பொம்மிடி சம்பந்தியம்மா பட்டுச் சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை ரஞ்சித்குமார், போனைப் பார்ப்பதும் வீட்டின் உள்பக்கம் பார்ப்பதுமாக இருந்தான். ஊர்க்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் கால்களில் விழுவதைப் பார்க்க என்றே சந்தையிலிருந்து வந்தவர்கள்.

மாதவராஜின் மனைவி தீர்த்தம்மாள் டீ கொண்டு வந்தார். டம்ளரை நீட்டிய கை விரல்நுனிகளெல்லாம் கருஞ்சிவப்பு.

குரு கனிமொழியின் காதருகே வந்தான். “மேடம், கை கெடச்சிருச்சு. கல்யாணம் நின்ன வூட்டுல எவங்க மருதாணி வெப்பாங்க? எதையோ மறைக்கறாங்க.”

கனிமொழியும் அதைத்தான் நினைத்தாள். டம்ளரை வாங்குகிற சாக்கில் அந்தக் கையைப் பிடித்தாள். “மருதாணி நல்லா செவந்திருக்குதுங்களே. எப்ப வெச்சீங்க?”

“கல்யாணம் நிக்கறதுக்கு முந்தி வெச்சதும்மா. இன்னும் போகல” என்றார் தீர்த்தம்மாள். அவர் கண்கள் தரையை விட்டு எழவே இல்லை. விரல்களில் மருதாணியைத் தவிர வேறொன்றும் இல்லை. கொப்பளம் இல்லை, வழிந்த தடம் இல்லை.

தப்பான கை.

“என்னம்மா, யாரு நீ?” மாதவராஜ் போர்ட்டிகோ படியில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, பொத்தான் மணிக்கட்டு வரைக்கும். “அவ வரணும்னுதானே சொன்னேன். நீ எதுக்கு?”

“கூட வந்தேங்க. கால்ல வுழும்போது புடிச்சுக்கறதுக்கு ஆள் வேணுமில்ல.”

சிலர் சிரித்தார்கள். மாதவராஜ் சிரிக்கவில்லை. கையை ஓங்கி, “ஏய், வாடி இங்க” என்று காவியாவைக் கூப்பிட்டார்.

ஓங்கிய வலது கையில் கைக்குட்டை கட்டியிருந்தது.

கனிமொழிக்குள் ஏதோ ஒன்று வேட்டை நாய் போல் காதைத் தூக்கியது. “கையில என்னங்க காயம்?”

“இவ கடைக் கண்ணாடிய ஒடைக்கும்போது கிழிச்சிருச்சு” என்றார் மாதவராஜ், ஊருக்குக் கேட்கும்படி. “பொண்ணுக்கு ஒண்ணுன்னா அப்பன் சும்மா இருப்பானா? நானே உள்ள பூந்து நொறுக்கினேன்.”

“நீங்க எங்கீங்க உள்ள வந்தீங்க?” காவியாவின் குரல் ஷாமியானாவைத் தாண்டிப் போனது. “கார வுட்டு எறங்குனீங்களா? என் வாசப்படிய இந்த ஜென்மத்துல மிதிச்சிருக்கறீங்களா?”

கூட்டத்தில் மில் ஆள் ஒருவன், யோசிக்காமல், “ஆமா, அண்ணன் கார்லதான் இருந்தாரு” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு யோசனை வந்தது.

கனிமொழி இரண்டு படி ஏறி மாதவராஜின் மணிக்கட்டைப் பிடித்தாள். கல் உடைத்தவர் மகளின் பிடி. அவர் திமிறுவதற்குள் குரு கைக்குட்டையின் முடிச்சை உருவிவிட்டான்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொடங்கி, புறங்கை வழியாக மணிக்கட்டு வரைக்கும் மூன்று கறுத்த கோடுகள் இறங்கியிருந்தன. ஓரங்களில் வற்றிய கொப்பளங்கள். நிர்மலாதேவியின் முகத்தில் இருந்த அதே கறுப்பு.

“கண்ணாடி கிழிச்சாக் காயம் இப்படி ஒழுகுமாங்க?” என்றான் குரு. “அண்ணன் கையில பெயின்ட் அடிச்சு, காயறதுக்கு முந்தியே நிமுத்திட்டாங்க போல.”

“காவியா குடுத்த பாட்டில்ல எதையோ ஊத்தினீங்க. வழிஞ்சுது. தொடைச்சுட்டு அவங்கள ஒகேனக்கல் கூட்டிட்டுப் போக கார் ஓட்டினீங்க. வலது கை ஜன்னல் பக்கம். போற வழியெல்லாம் மாசி வெயிலு.” கனிமொழி மணிக்கட்டை விடவில்லை. “என்ன ஊத்தினீங்கன்னு நான் சொல்லட்டுங்களா, நீங்களே சொல்றீங்களா?”

மாதவராஜ் சம்பந்தியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “இந்தாம்மா... உள்ள வந்து பேசலாம். கடை அவளே வெச்சுக்கட்டும். புதுசாக் கண்ணாடி போட்டுக் குடுத்தர்றேன். இதோட வுட்டுடு.”

“கார்போகரிசி எண்ணெய்” என்றாள் கனிமொழி, அவரைப் பார்த்து அல்ல, கூட்டத்தைப் பார்த்து. “நாட்டு மருந்து. ஒரு சொட்டு தடவி இளவெயில்ல செத்த நேரம் உக்காந்தா மருந்து. மூஞ்சி பூராத் தடவி உச்சி வெயில்ல நின்னா நெருப்பு. அதை எதுக்குப் பொண்ணு மூஞ்சில—”

“மேடம், வேணாங்க.”

தடுத்தது மாதவராஜ் இல்லை. காவியா.

கனிமொழி திரும்பிப் பார்த்தாள். பார்லரில் ஓரமாக வைத்த அந்த ஒரு கணத்தை இப்போது எடுத்தாள். “உனக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றாள் காவியா. அன்று முழுவதும் வராத கண்ணீர் இப்போதுதான் வந்தது. “பார்லர் நாற்காலியில பாத்தத வாசலுக்கு வெளிய சொன்னா நான் அந்தத் தொழிலையே பண்ணக்கூடாதுங்க. இந்த ஆளு அத நம்பித்தான் என் மேல ஏறி மிதிச்சான். ‘இவ வாயத் தொறக்கமாட்டா’ன்னு தெரிஞ்சுதான். இவன் நாசமாப் போகட்டும். ஆனா அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு?”

கனிமொழி வாயை மூடினாள். பழி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தால் அது ஒரு பெண்ணின் தலை மேல்தான் விழும். மாதவராஜ் அதைப் புரிந்துகொண்டார். அவர் உதட்டோரத்தில் ஒரு கோடு, ஒரு சின்ன நிம்மதி, விரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோது அந்த முகத்தில் ஒரு அறை விட வேண்டும் என்று கனிமொழியின் கை அரித்தது.

“நான் என்ன பண்ணுனேன்னு நானே சொல்றேன்.”

நிர்மலாதேவி உள்ளிருந்து வந்தாள். முகத்தை மூடிய துப்பட்டாவை வாசலிலேயே எடுத்தாள். கறுத்த திட்டுகளோடு நேராக வந்து, முடியை ஒதுக்கி இடது காதுக்குக் கீழே விரலை வைத்தாள். புளியிலை அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு போல இருந்தது.

“வெண்புள்ளி. வலிக்காது, ஒட்டாது. அப்பா தீர்த்தமலைப் பக்கம் ஒரு வைத்தியர்கிட்ட எண்ணெய் வாங்கிட்டு வந்தாரு. கல்யாணத்துக்குள்ள போயிரணுமாம். நான் தடவமாட்டேன்னு சொல்லிட்டேன். அதனால எனக்குத் தெரியாம காவியா அக்கா குடுத்த பாட்டில்ல ஊத்தி வெச்சுட்டாரு. அப்படித்தானுங்களேப்பா?”

“உன் நல்லதுக்குத்தாண்டி!” மாதவராஜின் குரல் பிளந்தது. “சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா எவன் கட்டுவான் உன்னை?”

“எனக்குத் தெரியுமுங்க மாமா” என்றான் ரஞ்சித்குமார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“நிச்சயத்துக்கு முந்தியே சொல்லிட்டாங்க. போட்டோவும் அனுப்பினாங்க. எங்க தாத்தாவுக்குக் கை பூரா இருந்துச்சு. அவரு கையாலதான் நான் சோறு தின்னு வளந்தேன்.”

சம்பந்தியம்மா மகன் பக்கம் திரும்பினார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னயாடா?”

“நீ கேக்கலயேம்மா. எத்தன பவுனுன்னுதானே கேட்ட.”

“மாப்பிள்ளைய நம்ம ஆபீசுல சேத்துக்கலாங்க மேடம்” என்று முணுமுணுத்தான் குரு.

மாதவராஜ் படியில் உட்கார்ந்தார். மறைக்க எதுவுமே இல்லாத ஒன்றை மறைப்பதற்காக மகள் முகத்தைப் பொசுக்கி, ஒருத்தியின் பிழைப்பை நொறுக்கி, அந்த முகத்தை ஊருக்குப் படம் போட்டும் காட்டியிருந்தார். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அவர் பக்கம் நகரவில்லை. பஞ்சாயத்தில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காருகிறவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் தீர்த்தம்மாள் உள்ளே போய்த் திரும்பி வந்தார். அவர் கையில் இரண்டு பாட்டில்கள். ஒன்று காவியாவின் பழுப்பு பாட்டில், இன்னொன்று லேபிள் இல்லாத மருந்துப் பாட்டில். இரண்டையும் டீத் தட்டின் மேல், கனிமொழியின் முன்னால் வைத்தார்.

“தூக்கிப் போடச் சொன்னாரு. அரிசி டிரம்முக்குள்ள போட்டு வெச்சிருந்தேன்” என்றார்.

“தீர்த்தா!”

“ஆமாங்க. நாந்தான் வெச்சேன். எம் பொண்ணு மூஞ்சிய ஊருக்கெல்லாம் அனுப்பினீங்களே, அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன்.”

மாதவராஜ் மனைவியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துக் கைகூப்பினார். “கண்ணு... வூட்டு விஷயம் வூட்டோட போகட்டும். அப்பன் தெரியாம பண்ணிட்டேன். கல்யாணத்த முடிச்சுக்கலாம்.”

“கல்யாணம் அப்பறம்” என்றாள் நிர்மலாதேவி. கனிமொழியின் பக்கம் திரும்பினாள். “நான் கம்ப்ளெயின்ட் குடுத்தா நிக்குங்களா மேடம்?”

“பாட்டில் இருக்குது. உன் மூஞ்சி இருக்குது. அவரு கை இருக்குது. நிக்கும்.”

நிர்மலாதேவி போனை எடுத்துக் காவல் நிலைய எண்ணை அழுத்தினாள். கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்து, கரகரப்பான ஒரு குரல் எடுத்தது. அவள் தன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். குரல் ஒருமுறைகூட உடையவில்லை.

“எண்ணெய் கலந்த ஆளு பேரு?” என்றது அந்தப் பக்கம்.

“மாதவராஜ்.”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாம்மா?”

“எங்கப்பாங்க. எழுதிக்கோங்க.”

மாதவராஜ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கறுத்த கோடுகள் மூன்றும் வெளியே பார்த்தன. காவியா ஷாமியானாவிலிருந்து நடந்து வந்து, அவருக்கு நேர் எதிரில், அவர் நிமிர்ந்தால் பார்த்தே ஆக வேண்டிய இடத்தில் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிர்மலாதேவியிடம் கை நீட்டிப் போனை வாங்கினாள்.

“சார், வெச்சிராதீங்க. எம் பேரு காவியா. சந்தைத் தெருவுல பார்லர் வெச்சிருக்கறேன். என் கடைய ஒடைக்கச் சொன்ன ஆளு மேலயும் ஒரு கம்ப்ளெயின்ட் இருக்குது. ஆளு எம் முன்னாலதான் உக்காந்திருக்கறாரு. பேரு மறுபடியும் சொல்லணுங்களா?”